காடை என்கிற மல்லிகை

நாற்காலிக்காரர் வீட்டு விஷயம் வாசல்படி தாண்டியதில்லை. தகப்பனார் காலத்தில் தாண்டியதில்லை, அவர் காலத்திலும் தாண்டவில்லை. மகன் காலத்தில் தாண்டிவிடக் கூடாதே என்பதற்காக மகனிடமே அவர் பல விஷயங்களைச் சொல்வது கிடையாது. அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், குணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் தெருவுக்குத் தெரியும். அதுவும் 'கொஞ்சம் அசதியா இருந்தது' என்ற அளவில்தான் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு மூலம் வந்தது.

வியாதிகளில் கௌரவமானவை எத்தனையோ உண்டு. நெஞ்சுவலி என்றால் நாலு பேர் எழுந்து நின்று விசாரிப்பார்கள். சர்க்கரை என்றால் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர் என்று அர்த்தம். ரத்தக் கொதிப்பு வந்தவருக்கு வீட்டில் மரியாதை கூடும். மூலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதிலும் வழிவழியாக நாற்காலி செய்து விற்கிற குடும்பம். கடை வாசலில், 'உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்க மனம் வராது' என்று தகப்பனார் எழுதி மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழே கடைக்காரரே நாள் முழுக்க நின்றுகொண்டு வியாபாரம் பார்த்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போதாக்குறைக்கு எதிர்ச்சாரியில் மெத்தைக்கடை. மனிதன் உட்காரப் பிறந்தவன் அல்ல, படுக்கப் பிறந்தவன் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்யும் கடைக்காரர்.

"டாக்டர்கிட்டயாவது சொல்லலாமா? இல்ல, அதுவும் வாசல்படி தாண்டின கணக்குதானா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லலாம். ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்கிற டாக்டரா பார்க்கணும்."

ஊருக்குப் பொதுவான ஆஸ்பத்திரிகள் பல இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது பெரிய சாலையில் கண்ணாடி மாளிகையாக நின்ற அந்த மருத்துவமனையை. காரணம் அதன் நெற்றியில் இருந்த விளம்பரம்: 'உங்கள் ரகசியம், எங்கள் உயிர்மூச்சு.' வைத்தியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. மானஸ்தர்களுக்கு இப்படிப்பட்ட பலகைகள் போதும்.

தெருவுக்குக் கண்ணில் புரை என்று சொல்லப்பட்டது. கிளம்புகிற அன்று கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த படியில் தடுமாறி இறங்கினார். கண்ணாடிக்குக் கீழே அவருடைய மீசை எப்போதும்போல நிமிர்ந்து நின்றது. அந்த மீசை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். கடைக்கு வழி கேட்டால், 'மீசை வச்சவர் கடை' என்பார்கள். வேறு யாரும் அங்கே மீசையே வைக்காததுபோல.

சேர்க்கைப் பிரிவில் அவரை எதிர்கொண்டவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. 'தகவல் காப்பாளர்' என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் ஆள். வழுவழுவென்று சவரம் செய்த முகம். நாற்காலிக்காரர் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அந்த ஆள் மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார்.

தகப்பனார் போன பிறகு அந்த வாயை ஒருவரும் பொத்தியதில்லை.

"மன்னிக்கணும் சார். இங்க யாரும் பேர் சொல்றதில்ல. சொல்ல விடுறதும் இல்ல. தகவல்னா என்ன? பேர்தான் சார் தகவல். பேரை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் புள்ளிவிவரம். புள்ளிவிவரத்துக்கு மானமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. அதை நாம எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்."

"பேர் இல்லாம எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பகல்ல பறவை, சாயங்காலத்துல பூ. பறவை, நீங்க வீட்டுக்குப் போற வரைக்கும் உங்களுதுதான். பூவைத் தினமும் மாத்திடுவோம். பறவையைக் கண்டுபிடிச்சவன்கூட பூவைக் கண்டுபிடிக்க முடியாது." அவர் கணினியைத் தட்டினார். "நீங்க காடை."

நாற்காலிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "கழுகு, கருடன் மாதிரி ஏதாவது..."

"கழுகு குடலிறக்கம் சார். போன வாரமே எடுத்துட்டாங்க. கருடனுக்கு வெள்ளைப்படுது."

பிறகு அவர் கட்டைவிரலைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பலகையில் பதியவைத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, சம்மதம் என்றார்கள். எதற்குச் சம்மதம் என்று கேட்டதற்கு, கேட்டதற்கும் சேர்த்துத்தான் என்றார்கள். ஒரு படமும் எடுத்தார்கள்.

அந்தப் படத்தின் கதி வார்டு வாசலில் தெரிந்தது. தாழ்வாரத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரை. உறவினர்கள், காய்கறிப் பையோடு குறுக்குவழியில் போகிறவர்கள், மின்விசிறி ரிப்பேர் பார்க்க வந்தவர்கள், எல்லோரும் பார்க்கும்படி அதில் நோயாளிகள் வரிசையாக வந்துபோனார்கள். அவர் முறையும் வந்தது. படத்தில் கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே, ஓர் உரோமமும் குறையாமல், மீசை. பக்கத்தில் எழுத்துக்கள்: 'காடை. ஆண். தொழில் நாற்காலி. மூலம், மூன்றாம் நிலை. இன்று மலம்: இல்லை.'

நாற்காலிக்காரருக்குத் தாழ்வாரம் முழுக்கச் சுற்றியது.

"இதை எடுக்கச் சொல்லுங்க" என்றார் பக்கத்தில் வந்த நர்ஸிடம்.

அவள் நடுவயதுக்காரி. வேகமாக நடப்பவள், மெதுவாகப் பேசுபவள். அவர் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, தன் மார்பில் குத்தியிருந்த பேட்ஜை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். "நானும் சொல்லிப் பார்த்தேன் ஐயா. கண்ணை மறைச்சாச்சே, அப்புறம் என்னன்னு கேட்கிறாங்க. இந்தப் பேட்ஜுக்குக் காது இருக்கு. இங்க சேர்ந்தவங்க பேரெல்லாம் இதுக்குத் தெரியும். அதுல ஒண்ணை நான் வாய்தவறிச் சொன்னா கத்தும். வேற எதைச் சொன்னாலும் கத்தாது. வாங்க, படுங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். சர்க்கரையால் வலது கால் பெருவிரல் கறுத்துப்போய், எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் அவர் கொக்கு. அன்று மாலை மல்லிகை. அதே மாலை நாற்காலிக்காரருக்குச் சாமந்தி கிடைத்தது.

"பெரியவரே, கவலைப்படாதீங்க" என்றார் டிரைவர். "முந்தாநாள் சாயங்காலம் நான் அல்லி. என் மச்சான் பார்க்க வந்துட்டு, அல்லியா, யாருய்யா அதுன்னு என் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லிட்டான். அவ இப்ப பேசறதில்ல."

மறுநாள் காலைக்குள் நாற்காலிக்காரர் அந்த மாடியில் பிரபலம் ஆகியிருந்தார். முகம் தெரியாத மனிதர்கள் கதவருகே நின்று, மீசையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, "ஐயா, இன்னிக்காவது ஆச்சா?" என்று அன்பாகக் கேட்டார்கள். தாழ்வாரத்தில் தள்ளுவண்டியோடு வந்த டீக்காரர், "காடைக்கு மட்டும் வெந்நீர்" என்று யாரும் சொல்லாமலே ஊற்றினார். ஒரு பெண்மணி தன் மாமனாருக்கு ஆகிவந்த கஷாயத்தைப் பற்றி விரிவாகச் சொன்னாள். நாற்காலிக்காரர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மீசை வெளியே தெரிகிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்து அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

மனைவி மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"காலையில இருந்து கீழ நிக்கிறேங்க. உங்க பேரைச் சொன்னேன். அப்படி ஒரு ஆளே இங்க இல்லைங்கிறா அந்தப் பொண்ணு. நேத்து நான்தானேம்மா கொண்டுவந்து விட்டேன்னா, நீங்க யாருங்கிறா. பொண்டாட்டின்னேன். யாரோட பொண்டாட்டிங்கிறா. பேரைச் சொன்னா இல்லைங்கிறா, சொல்லாட்டி யாருங்கிறா."

"அப்புறம் எப்படி வந்தே?"

"எங்கெங்கயோ சுத்திட்டு மேல வந்தா, அங்க பெரிசா மீசை தெரிஞ்சது. இது எங்க வீட்டு மீசைன்னு அந்தச் சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவதான் ஒண்ணும் பேசாம கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து சாயங்காலம் மெத்தைக்கடைக்காரர் வந்தாருங்க, கடைக்கு."

"எதுக்கு?"

"கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு. நடுவுல ஓட்டை வச்ச வட்டத் திண்டு ஒண்ணைக் கல்லாமேல வச்சுட்டுப் போயிட்டாரு."

நாற்காலிக்காரருக்கு உடம்பு முழுக்க எரிந்தது, ஏற்கெனவே எரிந்த இடம் உட்பட.

மாலையில் மெத்தைக்கடைக்காரரே நேரில் வந்துவிட்டார். வாடிக்கையாளரைப் பார்க்கும் முகத்தோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மெத்தையை இரண்டு முறை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"யாருய்யா உனக்குச் சொன்னது?" என்றார் நாற்காலிக்காரர்.

"இதென்ன அண்ணே கேள்வி. ஆஸ்பத்திரிதான் சொல்லிச்சு." அவர் தன் ஃபோனை எடுத்து நீட்டினார். அதில் மருத்துவமனையின் சின்னத்தோடு ஒரு செய்தி இருந்தது: 'அன்புள்ள வணிகரே, உங்கள் தெருவில் ஒரு மூலநோயாளி வசிக்கிறார். நாற்காலி வியாபாரி. மீசை உண்டு. அவருக்கேற்ற திண்டு, மெத்தை விற்க இது நல்ல தருணம். நோயாளியின் நலன் கருதிப் பெயர் காக்கப்பட்டுள்ளது.'

"பேர் மட்டும் சொல்லல அண்ணே. அந்த விஷயத்துல ரொம்பக் கண்ணியமா நடந்துக்கிட்டாங்க. நானும் யார்கிட்டயும் சொல்லல. இது யாரா இருக்கும்னு நாலு பேர்கிட்ட கேட்டேன், அவ்வளவுதான்."

"எந்த நாலு பேர்?"

"நம்ம தெருதான்."

நாற்காலிக்காரர் வாசலை நோக்கி விரல் நீட்டினார். மெத்தைக்கடைக்காரர் எழுந்தார். ஆனால் போகவில்லை. தாழ்வாரத்துத் திரையருகே போய் நின்றுகொண்டார். அதில் காடை வரும் நேரம்.

அந்தச் சமயத்தில்தான் நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இன்னிக்கு மல்லிகை யாரு?"

அன்றைய மல்லிகை நாற்காலிக்காரர். டிரைவருக்குச் சாமந்தி விழுந்திருந்தது. அவரைக் கொஞ்சம் முன்னால் வேறு இருவர் வந்து அழைத்துப் போயிருந்தார்கள்.

அறுவை சிகிச்சை அறைக்கான பட்டியல் முதல் நாளே தயாராகிவிடும். அதில் நேற்றைய பூக்கள் இருக்கும். ஆட்களை அழைத்து வருபவர்கள் இன்றைய பூக்களைத் தேடுவார்கள். இதில் ஏதாவது சிக்கல் வராதா என்று ஒரு மருத்துவர் ஆரம்பத்தில் கேட்டாராம். குழப்பம் எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு ரகசியம் பத்திரம் என்று தகவல் காப்பாளர் எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார்.

நீலச் சட்டைக்காரர் போர்வையை விலக்கி, நாற்காலிக்காரரின் வலது கால் பெருவிரலைச் சுற்றி ஊதா மையால் ஒரு வட்டம் போட்டார்.

"எதுக்குய்யா விரல்ல எழுதறே?"

"வலிக்காது பெரியவரே. ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க."

"எதை?"

"விரலை."

"என் விரலுக்கு ஒண்ணும் இல்லையே."

"எல்லாரும் இங்க வந்ததும் அப்படித்தான் சொல்லுவாங்க. பயம். படுங்க."

ஸ்ட்ரெச்சர் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. இருபுறமும் பார்வையாளர்கள். பெண்கள், குழந்தைகள். திரைக்குக் கீழே மெத்தைக்கடைக்காரர் கைகட்டி நின்றார். நாற்காலிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வந்தது விரலுக்கு இல்லை, இதற்கு என்று. அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. சுவரில் அகலமாக எழுதிக் காட்டிக்கொண்டிருக்கும் அதே வார்த்தைதான். ஆனால் சுவர் சொல்வது வேறு, தன் வாயால் தான் சொல்வது வேறு. அவர் வம்சத்தில் யாரும் நாலு பேர் நடுவில் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. ஒரு விரல்தானே, செருப்புப் போட்டால் தெரியாது என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் சட்டென்று நின்றது.

நர்ஸ் அதன் குறுக்கே நின்றிருந்தாள். ஊதா வட்டத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். குனிந்து, அவர் காதோடு வாயை வைத்துக் கேட்டாள். "ஐயா, உங்க பேர் என்ன? எதுக்கு வந்திருக்கீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

நாற்காலிக்காரர் சொன்னார். இரண்டையும் சொன்னார். அந்தக் காதில் சொல்வதற்கு அவருக்கு வெட்கமாகவே இல்லை. அது அவருக்கே பிற்பாடு ஆச்சரியமாக இருந்தது.

நர்ஸ் நிமிர்ந்து, உறுதிப்படுத்திக்கொள்ள அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் ஒரு முறை திருப்பிச் சொன்னாள்.

பேட்ஜ் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கூரையில் இருந்த ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. "பெயர் உச்சரிக்கப்பட்டது. பெயர் உச்சரிக்கப்பட்டது." அதோடு நிற்கவில்லை. எந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டதோ அதை, ஆதாரத்துக்காக, தகப்பனார் பெயர் முகவரியுடன் மாடி முழுக்கக் கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னது.

நர்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. ஓடினாள். அறுவை அறையில் டிரைவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தயார்செய்துகொண்டிருந்தார்கள். இவள் போய்க் கதவைத் திறந்தபோது அவர், "விரல் இந்தப் பக்கம் இல்லைங்க" என்று தலையணைக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இருவருக்கும் மறுநாள் முறைப்படி, அவரவர்க்கு உரிய இடத்தில், அறுவை நடந்தது. நாற்காலிக்காரரின் விரல் அவரிடமே இருந்தது. ஊதா வட்டம் மட்டும் அழியவில்லை.

நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

நாற்காலிக்காரர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் தகவல் காப்பாளர் அவரைத் தேடி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள்.

"நாளைக்கு நெறிமுறைக் குழு விசாரணை சார். நீங்கதான் பாதிக்கப்பட்டவர். எழுந்து, அந்தம்மா பேரை வெளியிட்டதால உங்களுக்கு அவமானம் ஆச்சான்னு கேட்டா ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும். மிச்சத்தை நாங்க பார்த்துக்குவோம்."

"பேரை மாடி முழுக்கக் கத்தினது உங்க மெஷின்."

"மெஷின் சொன்னா அது பதிவு சார். மனுஷி சொன்னா அது குற்றம்."

"அவ கேட்கலேன்னா என் விரல் போயிருக்கும்."

"விரல் போனா அது மருத்துவப் பிழை. அதுக்கு எங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்கு. பேர் போனா நம்பிக்கைத் துரோகம். அதுக்கு எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தர்றதில்ல." அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், நீங்க கௌரவமான குடும்பம். விசாரணை முடிஞ்சதும், உங்களுக்குக் கண்ணுல புரை எடுத்தோம்னு எங்க முத்திரையோட ஒரு சான்றிதழ் தர்றோம். கடையில மாட்டிக்கலாம். மெத்தைக்காரர் வாயால சொல்றதை நம்புவாங்களா, எங்க முத்திரையை நம்புவாங்களா?"

தகவல் காப்பாளர் போனார். மனைவி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுன்னு காகிதம் வந்துட்டா நம்ம மானம் திரும்பிடுங்க" என்றாள்.

"திரும்பிடும்."

"அந்தச் சிஸ்டர் கதி?"

அவர் தன் பெருவிரலைச் சுற்றி இருந்த ஊதா வட்டத்தைப் பார்த்தார். மனைவி ஒரு சுளையை வாயில் போட்டு, புளிக்கிறது என்று முகத்தைச் சுளித்து, மீதியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

விசாரணை பெரிய அரங்கத்தில் நடந்தது. ரகசியக் காப்பு மீறலை விசாரிப்பதில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று அதை நேரடியாக எல்லா ஃபோன்களிலும் ஒளிபரப்பினார்கள். அரங்கத்தில் போட்டிருந்தவை அத்தனையும் தன் கடை நாற்காலிகள் என்பதை நாற்காலிக்காரர் நுழைந்ததுமே பார்த்துவிட்டார். முதுகு சாய்கிற கோணம் அவர் தகப்பனார் கண்டுபிடித்தது. அதில் உட்கார முடியாமல் அவர் சுவரோரமாக நின்றார்.

இயக்குநர் பேசினார். சபைகளில் பேசிப் பேசிப் பழுத்த குரல். "நம் மருத்துவமனைக்குள் வரும் மனிதரை நாம் தொடுவோம், அறுப்போம், தைப்போம். ஆனால் அவர் யார் என்று தெரிந்துகொள்ள மாட்டோம். இதுதான் நம் பெருமை. நோயாளி யார் என்றே தெரியாத நிலையை நாம் எட்டிவிட்டோம். அடுத்த ஆண்டு, நோய் என்ன என்பதும் தெரியாத நிலையை எட்டுவோம்." கை தட்டினார்கள்.

நர்ஸ் ஓர் ஓரத்தில் நின்றாள். பேட்ஜைக் கழற்றியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் சட்டையில் இரண்டு ஓட்டைகள்.

"நோயாளியின் பெயரைக் கேட்டாயா?" என்றார் இயக்குநர்.

"கேட்டேன் சார்."

"விதி தெரியுமா?"

"தெரியும் சார். படிக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த விதியும் தெரியும். யாருக்கு, எதுக்குன்னு கேட்காம ஊசியைக்கூடத் தொடக் கூடாதுன்னு. கேட்டதை வெளியில சொல்லக் கூடாதுன்னு. நான் வெளியில சொல்லல. அவர் காதுலதான் கேட்டேன்."

"அதாவது, ரகசியமாகக் கேட்டிருக்கிறாள்" என்றார் தகவல் காப்பாளர். "நிர்வாகத்துக்கே தெரியாமல். இது குற்றத்தை இன்னும் பெரிதாக்குகிறது."

அப்புறம் நாற்காலிக்காரரைக் கூப்பிட்டார்கள். காடை என்றுதான் கூப்பிட்டார்கள். "காடை அவர்களே, இந்தச் சம்பவத்தால் உங்களுக்கு அவமானம் ஏற்பட்டதா?"

தலையை ஆட்டினால் போதும். தகவல் காப்பாளரின் மடியில் ஒரு சட்டம்போட்ட காகிதம் தெரிந்தது. அதில் கண்ணின் படம் அச்சடித்திருந்தது. நாற்காலிக்காரருக்குத் தெரு ஞாபகம் வந்தது. அங்கே இந்நேரம் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெத்தைக்கடையில் கூட்டமே கூடியிருக்கும். அவர் நர்ஸைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, தரையைப் பார்த்தாள். மானம் என்றால் என்னவென்று தெரிந்தவள்.

நாற்காலிக்காரர் மேடைக்கு நடந்தார். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"என் பேர் காடை இல்ல" என்றார். தகப்பனார் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். தெருவின் பெயரை, கடையின் பெயரைச் சொன்னார். "நீங்க உட்கார்ந்திருக்கிறது எங்க கடை நாற்காலி. எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. எனக்கு மூலம். மூணாம் நிலை. இந்த அம்மா அறுக்கிறதுக்கு முன்னாடி நீ யாருன்னு கேட்டா. இந்தக் கட்டடத்துல என்னை மனுஷனா நினைச்சுக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எனக்கு அவமானம் ஆச்சு. சுவத்துல படம் போட்டப்போ ஆச்சு, தெருவுக்குச் செய்தி அனுப்பினப்போ ஆச்சு. அவளால ஆகல."

அரங்கத்தில் இருந்த அத்தனை பேட்ஜுகளும் ஒரே நேரத்தில் கத்தின. சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஒளிபரப்பில் அவர் கண்கள் மேல் தானாகவே ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. அவர் பெயர் வந்த இடங்களில் எல்லாம் பீப் ஒலி போட்டு மறைத்தார்கள். மற்றபடி, மூலம் என்பது ஊர் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

குழு தனியறைக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னது. நோயாளியே தன் பெயரை உலகத்துக்குச் சொல்லிவிட்டதால், காப்பதற்கு இனி ரகசியம் எதுவும் இல்லை. ஆகவே நர்ஸ் மீறியதும் எதுவும் இல்லை. அவள் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் காடை என்ற நோயாளியின் மருத்துவத் தகவலை, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல், பொதுமேடையில் வெளியிட்ட குற்றத்துக்காக நாற்காலிக்காரர் இந்த மருத்துவமனையில் ஆயுள் முழுவதும் சிகிச்சை பெறத் தடை விதிக்கப்படுகிறது.

அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்ட முதல் நல்ல செய்தி அது.

நர்ஸ் வாசல்வரை வந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "கட்டு பிரிக்க எங்க போவீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டு, சின்னத் தெருவில் உள்ள ஒரு டாக்டரின் இடத்தைச் சொன்னாள். "அவர் பேர் கேட்பாரு" என்றாள்.

புண் ஆறிய பிறகு நாற்காலிக்காரர் கடையைத் திறந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாம் என்று வந்த ஒன்றிரண்டு பேரை அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நேருக்கு நேர் பார்த்தார். அவர்கள் விலை விசாரித்துவிட்டுப் போனார்கள். தகப்பனார் பலகைக்குக் கீழே தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மெத்தைக்கடைக்காரர் கொடுத்த திண்டையும் அதன்மேல் போட்டுக்கொண்டார். எதிரியின் சரக்கு என்றாலும் நல்ல சரக்கு.

கடை அடைக்கிற நேரத்தில் மெத்தைக்கடைக்காரர் தெருவைக் குறுக்கே கடந்து வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார்.

"அண்ணே, நீங்க கட்டு பிரிக்கப் போன டாக்டர் இடம் எங்க?"

"எதுக்கு?"

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

நாற்காலிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனிதன் படுக்கப் பிறந்தவன் என்ற உபதேசம் எங்கிருந்து பிறந்தது என்பது அவருக்கு இப்போது விளங்கியது.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா அண்ணே." குரல் காற்றாகிவிட்டது. "வீட்டுல கூடத் தெரியாது. நீங்க யார்கிட்டயும்..."

"இந்த வாசல்படி தாண்டாது" என்றார் நாற்காலிக்காரர்.

அப்போது கல்லாமேல் இருந்த அவருடைய ஃபோன் மின்னியது. மருத்துவமனையின் சின்னம் தெரிந்தது. 'அன்புள்ள வணிகரே, உங்கள் தெருவில் ஒரு மூலநோயாளி வசிக்கிறார். மெத்தை வியாபாரி. எங்கள் இணையப் பக்கத்தில் மூலம் பற்றி அடிக்கடி தேடுகிறார். நோயாளியின் நலன் கருதிப் பெயர்...'

அவர் மிச்சத்தைப் படிக்கவில்லை. ஃபோனை எடுத்துத் திண்டுக்கு அடியில் வைத்தார். அதன்மேல் நிதானமாக, முழுப் பாரத்தோடு, உட்கார்ந்தார்.

"யாரு அண்ணே ஃபோன்ல?"

"யாரும் இல்லய்யா" என்றார். "பேர் சொல்லத் தெரியாதவங்க யாரோ."